எழுத்து சிறுத்துப்போனால்

மியன்மாரின் யாங்கூனில் (பழைய ரங்கூன்) என்னிடம் வைத்தியத்துக்கு வரும் நம் தமிழ்ப் பெரியவர்களில் பலர் ரகசியமாக ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். அறுபதைத் தாண்டி எழுதத் தொடங்கியவர்களே அதிகம். சிலர் கவிதை எழுதுகிறார்கள், சிலர் 1964இல் கடைகள் அரசுடைமையான பிறகு சொந்தபந்தம் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன கதையை எழுதுகிறார்கள். அடுத்த ஆண்டே தமிழ் சொல்லித்தந்த தனியார் பள்ளிகளும் அரசுடைமையாகிவிட, இவர்களில் பலருக்குக் கோயிலில் படித்த தமிழ்தான் மிச்சம். ஒற்று விடுபடும், ரகரமும் றகரமும் இடம் மாறும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சென்ற ஆண்டு எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவரை மகள் அழைத்து வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "அப்பாவுக்கு வயதாகிவிட்டது டாக்டர். எழுதுவதையே விட்டுவிட்டார். தூக்கத்துக்கு மட்டும் ஏதாவது கொடுங்கள்" என்றார். பெரியவர் வாய் திறக்கவில்லை.

"ஐயா, அந்த நோட்டை நான் பார்க்கலாமா?" என்று கேட்டேன். மறுநாள் கொண்டுவந்தார். முதல் பக்கங்களில் எழுத்து புளியங்கொட்டை பருமனில் இருந்தது. கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு வரியும் சுமாரான அளவில் தொடங்கி, போகப் போகச் சுருங்கி, வரி முடிவில் கடுகு சிந்தினாற்போல் கிடந்தது. சுழி எது, கொம்பு எது என்று தெரியவில்லை. அவரை நடக்கச் சொன்னேன். வலது கை வீசாமல் உடலோடு ஒட்டியே வந்தது. பார்கின்சன் நோய். மூளை பாதிக்கப்பட்டு உடல் அசைவுகள் மெதுவாகிச் சிறுத்துப்போகும் நோய் இது. ஓராண்டாக அந்த வீட்டில் அதற்கு முதுமை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வயது செய்வது வேறு. பெயர்கள் சட்டென்று நாவில் வராது, கை மெதுவாகும், ஒரே நேரத்தில் இரண்டு வேலை ஓடாது. ஆனால் சொல்வளம் அறுபது வயது வரைகூட வளர்கிறது. படைப்பாளிகளின் வயதை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் டீன் கீத் சைமன்டன், கவிஞர்கள் பொதுவாக இளமையிலும் நாவலாசிரியர்களும் வரலாற்றாசிரியர்களும் பிற்பாடும் உச்சம் தொடுவதைக் கண்டார். பிறந்து எத்தனை ஆண்டு என்பதைவிட, அந்தத் துறையில் இறங்கி எத்தனை ஆண்டு என்பதே முக்கியம் என்றும் சொன்னார். அந்தக் கணக்கில், அறுபதில் பேனா எடுத்தவர் இன்னும் இளைஞர்தான். உ.வே.சா. தம் வாழ்க்கை வரலாற்றை 1940இல் தொடராக எழுதத் தொடங்கியபோது அவருக்கு 84 வயது. 1942இல் மறையும்வரை எழுதினார்.

ஆகவே, எழுதிக்கொண்டிருந்தவருக்கு ஆசை திடீரென்று வற்றினால் காரணம் தேடவேண்டும். நான் அதிகம் பார்ப்பது மனச்சோர்வு, அதுவும் துணையை இழந்தவர்களிடம். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, கண்புரை, ஆண்டுக்கணக்கில் விழுங்கும் தூக்க மாத்திரை ஆகியவையும் காரணமாகலாம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். மறதி நோய்கூட எழுத்தில் முன்கூட்டியே தலைகாட்டலாம். ஆங்கில நாவலாசிரியை ஐரிஸ் மர்டாக்கின் கடைசி நாவலைப் பிற்பாடு ஆராய்ந்தவர்கள், முந்தைய நாவல்களைவிட அதில் சொல்வளம் குறுகியிருந்ததைக் கண்டார்கள். அதை எழுதியபோது அவருக்கு நோய் கண்டறியப்பட்டிருக்கவில்லை.

அந்தப் பெரியவருக்கு, பார்கின்சன் நோயில் அசைவை எளிதாக்கும் லெவோடோபா மாத்திரை தொடங்கினோம். கூடவே, பிள்ளைகள் எழுதிப் பழகும் அகலக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கச் சொன்னேன். கோட்டைக் கண் பார்க்கும்போது கை அதைத் தொட முயலும், எழுத்து சுருங்குவது குறையும். நோய் போய்விடவில்லை, போகவும் போகாது. மூன்று மாதம் கழித்து வந்தபோது, அண்ணன் குடும்பம் கப்பலேறிய நாளைப் பாதிவரை எழுதியிருந்தார். மகள் படித்துக் காட்டினார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "சித்தப்பாவும் அந்தக் கப்பலில்தான் போனாரா அப்பா?" என்று கேட்டார். பெரியவர் நோட்டை வாங்கி அந்த வரியில் ஒரு பெயரைச் சேர்த்தார்.

உங்கள் வீட்டுப் பெரியவரை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது, மாத்திரைச் சீட்டோடு இரண்டு வருடத்துக்கு முந்தைய நோட்டையும் இந்த மாதத்து நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.