கள்ளாட்டமா, மோசடியா?

செஸ்ஸில் விதியை மீறி ரகசியமாக உதவி பெற்று ஆடுவதை ஆங்கிலத்தில் 'சீட்டிங்' என்கிறார்கள். அதைத் தமிழில் கள்ளாட்டம் என்பதா, மோசடி என்பதா? "நூறு மில்லியன் டாலர் செஸ் மோசடி வழக்கு." யூடியூபில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கோபியில் பேரனைச் செஸ் வகுப்புக்குக் கூட்டி வரும் பெரியவர் ஒருவர், "ஏனுங்க, அந்தப் பையன் அத்தனை பணத்தை அமுக்கிட்டானுங்களா?" என்றே கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. தலைப்பு அப்படித்தான் சொல்கிறது.

நடந்தது வேறு. 2022 செப்டம்பரில் செயின்ட் லூயிஸில் அமெரிக்க இளைஞர் ஹான்ஸ் நீமன், அப்போதைய உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனைத் தோற்கடித்தார். கார்ல்சன் போட்டியை விட்டே விலகினார், நீமன் கள்ளாட்டம் ஆடினாரோ என்ற சந்தேகம் கிளம்பியது, இணையத்தில் செஸ் ஆடும் செஸ்.காம் தளம் நீமனின் கணக்கை மூடியது. அடுத்த மாதம் வழக்குப் போட்டவர் நீமன்தான். தன் பெயரைக் கெடுத்தார்கள், பிழைப்பை அடைத்தார்கள் என்று அவர் கேட்ட இழப்பீடுதான் அந்த நூறு மில்லியன். 2023 ஜூனில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆகஸ்டில் இரு தரப்பும் சமாதானமாகி, மூடிய கணக்கும் திரும்பக் கிடைத்தது. இதில் மோசடி வழக்கு எங்கே வந்தது? அவதூறு வழக்கு என்றால் வாய் வலிக்குமா?

சரி, சொல்லுக்கு வருவோம். கள் என்ற வேரில் பிறந்தவை களவு, கள்வன், கள்ளம். மறைவாகச் செய்வது என்பதே அடிப்படை. கள்ளச் சாவி, கள்ள நோட்டு, கள்ள ஓட்டு வரிசையில் கள்ளாட்டம். அவ்வளவுதான், பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

மோசடி அப்படியல்ல. நம்ம ஊர்ப் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டதும் 2012இல் பெருந்துறையில் வெடித்த ஈமு கோழி விவகாரம்தான் நினைவுக்கு வரும். காட்டை விற்றுப் போட்ட பணம் போய், "மோசம் போயிட்டனுங்க" என்று நின்றவர்கள் எத்தனை பேர்! சட்டத்திலும் அப்படித்தான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா 318, இரண்டும் ஒருவரை ஏமாற்றிப் பொருளைக் கறப்பதைப் பற்றிப் பேசுகின்றன. நீதிமன்றத்தில் ஒரு பொருள் உள்ள சொல்லை, விளையாட்டுச் சங்கம் விதித்த தடைக்கு எப்படி ஒட்ட முடியும்?

இன்னொரு கூட்டம் "ஏமாற்றாட்டம்" என்கிறது. கேட்கத் தூய தமிழ்போலத்தான் இருக்கும். ஆனால் இவர்கள் செஸ் பலகையைப் பார்த்திருக்கிறார்களா? குதிரையைத் தின்னக் கொடுத்து நான்கு நகர்த்தல் கழித்து ராணியைப் பிடிப்பது ஏமாற்று இல்லாமல் வேறென்ன? எதிராளியை ஏமாற்றுவதுதான் ஆட்டமே! அதற்குக் கைதட்டுகிறோம். "வஞ்சக ஆட்டம்" என்றாலும் இதே கோளாறுதான். தவறு ஏமாற்றுவதில் இல்லை, ஒளித்து வைத்த உதவியில் இருக்கிறது. 2015 துபாய் ஓப்பனில் ஜார்ஜியாவின் நிகலிட்சே அடிக்கடி ஒரே கழிப்பறைக்குப் போனார். அங்கே பீங்கானுக்குப் பின்னால், காகிதத்தில் சுற்றிய போன் கிடைத்தது. அதில் இருந்த செஸ் செயலியில் அவர் ஆடிக்கொண்டிருந்த ஆட்டமே ஓடிக்கொண்டிருந்தது. மூன்று ஆண்டுத் தடை, கிராண்ட்மாஸ்டர் பட்டமும் போனது. இந்தியாவிலும் 2006இல் ஒருவர் தொப்பிக்குள் புளூடூத் வைத்துப் பிடிபட்டார். பத்து ஆண்டுத் தடை. இரண்டிலும் மறைப்புதான் குற்றம். கள்ளம் என்ற சொல் அதைத்தான் சொல்கிறது.

"அழுகுணி ஆட்டம்" என்று எழுதுபவர்களும் உண்டு. அது தோற்கும்போது விதியை மாற்றச் சொல்லி அடம்பிடிப்பது. அப்புறம், தடையை எதிர்த்து நீதிமன்றம் போனவரையும் அழுகுணி என்று கேலி செய்கிறார்கள். தொழிலே ஆட்டம் என்றிருப்பவர் தடை விழுந்தால் வழக்குப் போடாமல் கோயிலில் காசு வெட்டியா போடுவார்?

தடையை எதிர்த்துப் போடும் அப்படிப்பட்ட வழக்கையும் "தடையை சவால் செய்தார்" என்று எழுதியே தீர வேண்டுமாம். சவால் விடுவது சந்தையில் சேவற்கட்டுக்காரர் வேலை. "தடையை எதிர்த்து மேல்முறையீடு செய்தார்" என்று எந்த வக்கீல் குமாஸ்தாவும் சொல்லிவிடுவார். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருக்கும் விளையாட்டுத் தீர்ப்பாயம் இவர்கள் கையில் "விளையாட்டு நடுவர் நீதிமன்றம்" ஆகிவிடுகிறது. செஸ்ஸில் நடுவர் என்றால் மேசைக்கு மேசை நடந்து கடிகாரத்தைப் பார்ப்பவர். அவர் மேல்தான் வழக்கு என்று வாசகர் நினைத்தால் யாரைக் கேட்பது?