கோல்ஃபின் ஸ்டேபிள்ஃபோர்ட் புள்ளி முறையில் 36 புள்ளி எடுப்பது ஏன் அவ்வளவு கஷ்டம்?

மெர்சி ஆற்றின் ஒரு கரையில் லிவர்பூல். எதிர்ப்பக்கம் கடலை ஒட்டி வாலசி கோல்ஃப் கிளப். காற்று வேகமெடுத்தால் நல்ல ஆட்டக்காரர்களே திணறும் இடம். அங்கே உறுப்பினராக இருந்த ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர். ஒரு சுற்றில் 18 ஹோல்; ஒவ்வொன்றிலும் பந்தை அடித்துக் குழிக்குள் போட வேண்டும். போட்டிக்கு வந்தவர்கள் முதல் சில ஹோல்களில் சொதப்பியதும் ஸ்கோர் அட்டையைக் கிழித்துப் போடுவது அவருக்கு உறுத்தலாக இருந்தது. பந்தை அடித்த மொத்த அடிகளை எண்ணி, குறைவாக எடுத்தவர் வெல்லும் ஆட்டத்தில் வேறு வழியும் இல்லை. 17 ஹோல் ஒழுங்காக ஆடிவிட்டு ஒன்றில் 11 அடி எடுத்தால் அன்றைய கதை முடிந்தது. 1898-லேயே வேல்ஸில் ஒரு கிளப்பில் புள்ளி முறை ஒன்றை அவர் சோதித்துப் பார்த்திருந்தார். அதைச் செப்பனிட்டு 1932 மே 16 அன்று வாலசியில் போட்டி நடத்தினார்கள்.

அவர் பெயரிலேயே ஸ்டேபிள்ஃபோர்ட் என்று அழைக்கப்படும் இந்த முறையில் அவர் செய்தது, ஒவ்வொரு ஹோலுக்கும் தனிக் கணக்கு. ஒரு ஹோலை இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்ற அளவுதான் பார். சரியாகப் பாரில் முடித்தால் 2 புள்ளி. ஓர் அடி கூடினால், அதாவது போகி என்றால், 1. இரண்டு அல்லது அதற்கு மேல் கூடினால் பூஜ்யம். ஓர் அடி மிச்சம் பிடித்தால் (பேர்டி) 3, இரண்டு அடி மிச்சமானால் (ஈகிள்) 4. பூஜ்யத்துக்குக் கீழே எதுவும் இல்லை என்பதுதான் இதன் சூட்சுமம். புள்ளிக்கு வாய்ப்பில்லை என்று தெரிந்ததும் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த ஹோலுக்கு நடக்கலாம். பின்னால் காத்திருப்பவர்களும் சந்தோஷப்படுவார்கள்.

ஆனால் பொழுதுபோக்காக ஆடுகிறவருக்குப் பார் எட்டாக்கனி. அங்கேதான் ஹேண்டிகேப் வருகிறது. அவர் திறமைக்கு ஏற்ப சில அடிகளைச் சலுகையாகக் கொடுத்து, கழித்த பிறகு புள்ளி போடுவார்கள். எந்த ஹோலில் கழிப்பது? ஸ்கோர் அட்டையில் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் என்று 1 முதல் 18 வரை ஒரு வரிசை இருக்கும், அந்த வரிசைப்படி. 19 அடி சலுகை உள்ளவருக்கு எல்லா ஹோலிலும் ஒன்று, இண்டெக்ஸ் 1 ஹோலில் மட்டும் இரண்டு. பார் 4 ஹோலில் அவர் 5 அடியில் முடித்தாலும், சலுகையே இல்லாதவர் 4 அடியில் முடித்தாலும் இருவருக்கும் 2 புள்ளிதான். ஹோலுக்கு 2 வீதம் 18-க்கு 36.

அந்த 19 எங்கிருந்து வந்தது? 2020-இல் அறிமுகமான உலக ஹேண்டிகேப் முறையில் ஒவ்வொருவருக்கும் ஹேண்டிகேப் இண்டெக்ஸ் என்று ஓர் எண் உண்டு; அதிகபட்சம் 54. அவருடைய எண் 18.2 என்று வைத்துக்கொள்வோம். மைதானத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. கோர்ஸ் ரேட்டிங் என்பது கைதேர்ந்த ஆட்டக்காரர் அங்கே எடுக்கக்கூடிய ஸ்கோர், 71.4 என்போம். ஸ்லோப் ரேட்டிங்கைப் பலர் மைதானத்தின் கடினம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. கைதேர்ந்தவரைவிடச் சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாகத் தொல்லை கொடுக்கும் என்பதை அது சொல்கிறது. 200 கஜத்தில் இருக்கும் மணல்குழியைக் கைதேர்ந்தவர் தாண்டி அடித்துவிடுவார்; மற்றவர் பந்து அதற்குள்ளேயே போய் விழும். ஸ்லோப் 55 முதல் 155 வரை போகும். அடிப்படை எண் 113. இங்கே 126, பார் 72 என்றால், 18.2-ஐ 126-ஆல் பெருக்கி 113-ஆல் வகுத்து, ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசமான 0.6-ஐக் கழிக்க வேண்டும். கிடைப்பது சுமார் 19.7. தனிநபர் ஸ்டேபிள்ஃபோர்டில் இதில் 95 சதவீதம்தான் தருவார்கள். ஆக, 19.

சரி, அந்த 18.2? ஆடிய ஒவ்வொரு சுற்றையும் மைதானத்தின் எண்களை வைத்து ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருகிறார்கள். கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8-ஐ மட்டும் எடுத்துச் சராசரி போடுகிறார்கள். கிரிக்கெட்டின் பேட்டிங் சராசரியில் டக் அவுட்டும் சேரும். இங்கே மோசமான 12 சுற்றுகள் கணக்கிலேயே வராது. இண்டெக்ஸ் காட்டுவது நீங்கள் வழக்கமாக ஆடுவதை அல்ல, நல்ல நாளில் ஆடக்கூடியதை. அதனால்தான் 36 பல நாட்களில் கைக்கு வருவதில்லை. 32 எடுத்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட வேண்டியதில்லை.

ஸ்டேபிள்ஃபோர்டின் யோசனை இந்தக் கணக்குக்குள்ளும் புகுந்திருக்கிறது. ஒரு ஹோலில் 11 அடி எடுத்தாலும், ஹேண்டிகேப்புக்காகப் பதிவாவது பாருக்கு மேல் இரண்டு அடியும் சலுகை அடியும்தான். நம் ஆளுக்குப் பார் 4-இல் அது 7. ஸ்டேபிள்ஃபோர்டில் புள்ளி பூஜ்யமாகும் அதே இடம்.

95 சதவீதம் போக மீதி 5 சதவீதத்தை ஏன் பிடிக்கிறார்கள் என்றால், அதிக ஹேண்டிகேப் உள்ளவர்களின் ஸ்கோர் கண்டபடி ஏறி இறங்கும். கைதேர்ந்தவர் நாளுக்கு நாள் ஏறத்தாழ ஒரே மாதிரி ஆடுவார். நூறு பேர் போட்டியில் ஏற்ற இறக்கம் உள்ள கூட்டத்தில் யாரோ ஒருவருக்கு அன்று எல்லாம் கூடிவந்து 43 புள்ளி வந்துவிடும். இருவர் ஜோடி சேர்ந்து, ஒவ்வொரு ஹோலிலும் சிறந்தவரின் புள்ளியை மட்டும் எடுக்கும் ஆட்டத்தில் இந்த வசதி இன்னும் கூடும்; ஒருவர் சொதப்பினாலும் மற்றவர் காப்பாற்றிவிடலாமே. ஆகவே அங்கே பரிந்துரைக்கப்படுவது 85 சதவீதம்.