பார்ட்டிஷன் – வட்டு வகிர்வு

ஒரே வட்டைப் பல வட்டுகள்போல இயங்குதளத்துக்குக் காட்டும் பிரிப்புதான் பார்ட்டிஷன். லத்தீனில் 'பார்ஸ்' என்றால் பங்கு. அந்த வேரிலிருந்து கிளைத்த சொல், பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. கணினியில் முதலில் நினைவகத்தோடுதான் ஒட்டியது: 1960களின் ஐபிஎம் 360 பெருங்கணினிகளில் ஒரு வேலைக்கென ஒதுக்கிய நினைவகத் துண்டை இப்படி அழைத்தார்கள். 1983இல் ஐபிஎம்மின் பிசி எக்ஸ்டி கணினியோடு வந்த டாஸ் 2.0 இயங்குதளம் அந்தச் சொல்லை ஹார்ட் டிஸ்க்குக்குக் கொண்டுவந்தது. ஒரே வட்டில் வேறு இயங்குதளத்துக்கும் இடம் விடுவது அப்போதே இருந்த நோக்கம்.

தமிழில் பாகம், பிரிவு, பகிர்வு என்றெல்லாம் எழுதுகிறார்கள். 'பகிர்வு' இன்று 'ஷேர்' என்பதற்கு நிலைத்துவிட்டது. 'பிரிவு' எல்லாவற்றுக்கும் பொது. 'வகிர்வு' பொருத்தம். வகிர்தல் என்றால் பிளத்தல், கீறுதல். மாவடு வகிர் அதே சொல், தலையில் எடுக்கும் வகிடும் அதே குடும்பம். வகிடு வெறும் கோடு. வட்டிலும் அப்படித்தான்: எந்த செக்டரில் (வட்டின் சிறு துண்டு) தொடங்கி எதில் முடிகிறது என்று அட்டவணையில் ஒரு வரி, அவ்வளவே. எம்பிஆர் என்ற பழைய முறையில் அட்டவணை 64 பைட், நான்கே வரி. ஜிபிடி என்ற புதிய முறையில் வழக்கமாக 128 வரி.

கோட்டுக்குள் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையான ஃபைல் சிஸ்டம் வேறு சங்கதி. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் தரவு போகிறது. சுருக்கும்போது முதலில் ஃபைல் சிஸ்டம், பிறகு கோடு. பெருக்கும்போது முதலில் கோடு. வகிர்வுகளை மாற்றும் ஜிபார்ட்டட் என்ற நிரல் இந்த வரிசையைத் தானே பார்த்துக்கொள்ளும். லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்டி4ஐச் சுருக்க அது மவுன்ட் ஆகியிருக்கக் கூடாது, அதாவது பயன்பாட்டில் இருக்கக் கூடாது. ஆகவே லினக்ஸ் தானே இயங்கும் லைவ் யுஎஸ்பியிலிருந்து செய்ய வேண்டும்.

விண்டோஸ் பக்கத்தில் லினக்ஸ் போடுவதென்றால், முக்கியக் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்துவிட்டு, சி டிரைவை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்குவது நல்லது. வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை முன்பே எழுதிவைத்து, பிட்லாக்கரை இடைநிறுத்துங்கள். விண்டோஸை விரைவாகத் துவக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். இல்லையேல் 'ஷட் டவுன்' கொடுத்தும் விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் பாதித் தூக்கத்தில் கிடக்கும், லினக்ஸ் அதில் எழுத மறுக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டின் 'ஷ்ரிங்க் வால்யூம்' கேட்பது எம்பி கணக்கு: 50 ஜிபிக்கு 51200.

200 ஜிபி காலியாக இருந்தும் 20 ஜிபிதான் சுருக்கலாம் என்று காட்டுகிறதா? நகர்த்த முடியாத பேஜ்ஃபைல் (நினைவகத்துக்குத் துணையான கோப்பு), ஹைபர்நேஷன் கோப்பு, ரிஸ்டோர் பாயின்ட் (பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் வைக்கும் பதிவு) ஏதோ ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி, மறுதொடக்கம் செய்து பாருங்கள். கிடைத்த இடத்தை ஃபார்மட் செய்யாமல் 'அன்அலோகேட்டட்' (ஒதுக்கப்படாதது) ஆகவே விடுங்கள். லினக்ஸை நிறுவும்போது, கணினியைத் துவக்கும் கோப்புகள் உள்ள இஎஃப்ஐ வகிர்வை இரு இயங்குதளங்களும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம்; அதற்கு நேரே ஃபார்மட் குறி விழுந்தால் விண்டோஸ் துவங்காது.

பின்னாளில் லினக்ஸுக்கு இடப்பக்கம் இடம் சேர்ப்பதுதான் கடினம். தொடக்கக் கோடு நகர்ந்தால் உள்ளிருக்கும் தரவு முழுவதும் நகர வேண்டும். மணிக்கணக்கில் ஓடும், நடுவில் மின்சாரம் போனால் அந்த வகிர்வு பெரும்பாலும் போனதுதான். மடிக்கணினியைச் சார்ஜரில் செருகிவைத்தே தொடங்குங்கள்.