வலித்தால் நிறுத்து தம்பி

மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு இன்னொரு பிளஸ் டூ பையன் என் பேஸ் கிட்டார் வகுப்புக்கு வந்துவிட்டான். "மெட்ரோனோம் 160-ல ஆர்ப்பெஜியோ ஓட்டுறேன் சார். வலிச்சாத்தானே கை பழகும்?" மெட்ரோனோம் தாளம் தட்டும் கருவி, 160 என்றால் நிமிடத்துக்கு அத்தனை தட்டு. ஓட்டுகிறாயே, அதில் இரண்டாவதாக வருவது என்ன சுரம் என்று கேட்டேன். ஃப்ரெட் நம்பரை, அதாவது பேஸின் நெக்கில் (கழுத்தில்) விரல் வைக்கும் கட்டத்தின் எண்ணைச் சொன்னான்.

வடபழனியில் என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஆர்ப்பெஜியோ என்றால் விரலுக்கான தண்டால். இல்லை கண்ணுகளா. ஒரு கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தில்) இருக்கும் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது, அவ்வளவுதான். சி மேஜர் என்றால் சி, இ, ஜி. நம் கணக்கில் சட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். அந்தரத்தைச் சாதாரண காந்தாரமாக இறக்கினால் சி மைனர். மேஜரோடு காகலி நிஷாதம் சேர்ந்தால் மேஜர் செவன்த், கைசிகி சேர்ந்தால் டாமினன்ட் செவன்த். ஹம்சத்வனியில் ரிஷபத்தை விட்டுவிட்டுப் பாடிப் பாருங்கள், மேஜர் செவன்த் ஆர்ப்பெஜியோ முழுசாக வந்து நிற்கும். பாட்டு கிளாஸ் போன பிள்ளைகளுக்கு இதெல்லாம் தொண்டையில் ஏற்கெனவே இருக்கிறது. பேஸைத் தூக்கியதும் மறந்துவிடுகிறார்கள்!

கீபோர்டுக்காரர் மைனர் பிடித்திருக்கும்போது நீங்கள் அந்தரத்தைத் தொட்டால் மேடையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். 160-ல் தொட்டால் இன்னும் சீக்கிரம் பார்ப்பார்கள். இளையராஜா பாட்டுகளின் பேஸை ஹெட்போனில் கேளுங்கள். அங்கே யாரும் ஃப்ரெட் நம்பரை வாசிக்கவில்லை.

இப்போது கைக்கு வருவோம். வழக்கமான பேஸின் ஸ்கேல் நீளம் (அதிரும் கம்பியின் நீளம்) 34 அங்குலம். முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது வரை சுமார் 13 செ.மீ. எலெக்ட்ரிக் கிட்டாரில் அதே இடம் 10 செ.மீ.கூட வராது. கிட்டார் வீடியோவைப் பார்த்து, ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று அங்கே விரித்து வைத்து, மணிக்கட்டையும் மடக்கி, மணிக்கணக்கில் ஓட்டினால் பேண்டேஜ்தான். முதல் சில ஃப்ரெட்டுகளில் டபுள் பேஸ் (வயலின் மாதிரி, நிறுத்தி வாசிக்கும் பெரிய வாத்தியம்) வாசிப்பவர்களின் பழைய வழியே நல்லது: ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்கள் மட்டும், மோதிர விரல் சுண்டு விரலுக்குத் துணை.

புதுசாகத் தொடங்குகிறவர்கள், கட்டங்கள் நெருங்கி வரும் மேல் ஃப்ரெட்டுகளுக்குப் போய்த் தொடங்குங்கள். ஏ கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டில் நடுவிரல். டி கம்பியில் நான்காவதில் ஆள்காட்டி, ஏழாவதில் சுண்டு. ஜி கம்பியிலும் ஏழாவதில் அதே சுண்டு. டி மேஜர் வந்துவிட்டது. மெட்ரோனோம் 60 போதும். சுரத்தை முதலில் பாடு, பிறகு தொடு. பாட வரவில்லையென்றால் அடுத்த கார்டுக்குப் போகாதே.

ஸ்ட்ராப்பை முட்டிவரை தொங்கவிடுவது போட்டோவுக்கு மட்டும். உட்கார்ந்தாலும் நின்றாலும் பேஸ் ஒரே உயரத்தில் இருக்கட்டும். கட்டை விரலால் நெக்கை நெரிக்க வேண்டாம். கம்பி ஃப்ரெட்போர்டிலிருந்து ரொம்பத் தூக்கி நின்றால் விரலைக் குறை சொல்லாமல் கடையில் செட்டப் செய்து (கம்பி உயரத்தைச் சரிசெய்து) வாங்குங்கள்.  

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கிரேடு தேர்வு அடுத்த தடவையும் வரும். பிள்ளை கை வலிக்கிறது என்றால் தைலம் தேய்த்து வகுப்புக்கு அனுப்பாதீர்கள், அன்றைக்கு லீவு விடுங்கள். விரலில் மரமரப்போ ஊசி குத்துவது போலவோ இருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். என்னிடம் அப்புறம் வரலாம்.