கழுத்தில் கட்டி, நாக்கை ஏன் நீட்டச் சொன்னார்?

போன மாதம் ஒரு வாசகர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருடைய தங்கைக்குத் தாடைக்குக் கீழே, கழுத்தின் நடுவில், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலி ஒன்றும் இல்லை. டாக்டர் தொட்டுப் பார்த்தார், எச்சில் விழுங்கச் சொன்னார், அப்புறம் நாக்கை நன்றாக வெளியே நீட்டச் சொன்னார். கூடப் போன அம்மாவுக்கு எரிச்சல், "கழுத்துல கட்டின்னு வந்தா நாக்கைப் பார்க்குறாரே!" ஸ்கேனில் நீர்க்கட்டி என்று வந்தது, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், எடுத்ததைப் பயாப்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த ரிப்போர்ட்டில் 'பாப்பில்லரி தைராய்டு கார்சினோமா' என்று இருக்கிறது. ஆனால் தைராய்டு சுரப்பியோ ஸ்கேனில் சுத்தமாக இருக்கிறது. சுரப்பியில் இல்லாத தைராய்டு புற்று தாடைக்குக் கீழே எப்படி வரும், லேப்பில் வேறு யாருடைய ரிப்போர்ட்டையோ மாற்றிக் கொடுத்துவிட்டார்களா என்று கேட்கிறார்.

மாற்றியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. நாக்கை நீட்டச் சொன்னதிலேயே பாதி பதில் இருக்கிறது.

தைராய்டு பற்றிப் பள்ளியில் படித்ததுதான்: குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயின் முன்னால் பட்டாம்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கும், அயோடினை எடுத்துத் தைராக்சின் செய்யும். அதில் வரும் புற்றுகளில் பத்துக்கு எட்டு பாப்பில்லரி வகை. பெரும்பாலும் மெதுவாக வளரும், சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும். இதற்கு மேல் அடிப்படை வேண்டாம், எனக்குப் பிடித்த இடத்துக்குப் போகிறேன்.

கரு உருவாகி நாலாவது வாரம். மொத்த உருவமே சில மில்லிமீட்டர்தான், கழுத்து என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அப்போது, பின்னால் நாக்கு ஆகப்போகிற இடத்தின் அடியில், சரியாக நடுக்கோட்டில், செல்கள் கொஞ்சம் தடிக்கின்றன. அதுதான் தைராய்டு. ஆமாம், அது பிறக்கும் இடம் நாக்கின் அடி. அங்கிருந்து அது கீழே இறங்க ஆரம்பிக்கிறது, அல்லது அதைச் சுற்றிக் கழுத்து நீள்கிறது, இரண்டும் சேர்ந்துதான் நடக்கிறது. ஏழாவது வாரத்தில் மூச்சுக்குழாயின் முன்னால் தன் இடத்துக்கு வந்துவிடும். கிணற்றுக்குள் வாளி இறங்கும்போது பின்னாலேயே கயிறும் இறங்குமே, அந்த மாதிரி அது வந்த வழி முழுக்க ஒரு மெல்லிய குழாய் இழுபட்டுக்கொண்டே வரும். வாளி அடியைத் தொட்டபின் கயிறு வேண்டாம், கரைந்துவிடும். மேல் நுனி மட்டும் ஒரு சின்னக் குழியாக நம் எல்லோருக்கும் நாக்கின் பின்பக்கத்தில் இன்னமும் இருக்கிறது, கண்ணாடியில் பார்க்க முடியாத ஆழத்தில்.

சிலருக்குக் கயிறு முழுக்கக் கரைவதில்லை. எங்கோ ஒரு துண்டு மிச்சம் நிற்கும், அதற்குள் நீர் சேரும், சிறு வயதிலோ இருபது முப்பது வயதிலோ கட்டியாகத் தெரியும். கயிற்றின் மேல்முனை நாக்கடியோடு கட்டுப்பட்டிருக்கிறது அல்லவா, அதனால் நாக்கை நீட்டினால் கட்டி மேலே ஏறும். தைராய்டில் வரும் சாதாரணக் கட்டி எச்சில் விழுங்கினால் ஏறி இறங்கும், ஆனால் நாக்கை நீட்டினால் அசையாது. ஒரு ரூபாய் செலவில்லாமல், ஒரு கருவி இல்லாமல், நாலாவது வாரத்தில் நடந்ததை இருபத்தைந்து வருடம் கழித்து விரல் நுனியில் உணர்கிற பரிசோதனை இது. அந்த அம்மாவுக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

அந்தக் கயிறு நாவடி எலும்பை ஒட்டியே போகிறது, சில சமயம் எலும்பு வளரும்போது கயிற்றைத் தனக்குள்ளேயே பிடித்துக்கொள்கிறது. அதனால் கட்டியை மட்டும் எடுத்தால் அடிக்கடி திரும்ப வரும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வால்டர் சிஸ்ட்ரங்க் என்ற சர்ஜன் 1920-ல் ஒரு முறையை எழுதினார்: கட்டியோடு எலும்பின் நடுத்துண்டையும் வெட்டி, நாக்கடி வரைக்கும் வழியில் உள்ள சதையையும் சேர்த்துக் குடைந்து எடுத்துவிடுவது. நூறு வருடம் கழித்தும் அதுதான் செய்கிறார்கள். இன்னொன்று, ஆபரேஷனுக்கு முன் ஸ்கேனில் தைராய்டு தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது வெறும் சடங்கு இல்லை. மிக அரிதாகச் சிலருக்கு வாளி கீழே இறங்கவே இறங்காது, முழுத் தைராய்டும் நாக்கடியிலேயே நின்றுவிடும். அப்படி நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பில் இருக்கிற ஒரே தைராய்டு அதுதான். தெரியாமல் வெட்டி எடுத்தால் அன்றிலிருந்து ஆயுசுக்கும் மாத்திரை.

இப்போது புற்றுக்கு வருவோம். கயிற்றின் மிச்சத்தில் தைராய்டு செல்களும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். தைராய்டு செல் எங்கே இருந்தாலும் தைராய்டு செல்தான், சுரப்பியில் அதற்கு எந்தப் புற்று வருமோ அது இங்கேயும் வரலாம். இந்தக் கட்டிகளில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றில் புற்று இருக்கும், அதிலும் பெரும்பாலானவை பாப்பில்லரி. வாசகரின் தங்கைக்கு நடந்தது இதுதான். பரவி வந்தது என்று முடிவுகட்ட வேண்டாம், அங்கேயே பிறந்திருக்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. தைராய்டுக்குள் கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் செய்கிற இன்னொரு வகைச் செல்கள் இருக்கின்றன, அவற்றில் வருவது மெடுல்லரி புற்று. அந்தச் செல்கள் நாக்கடி வழியாக வந்தவை அல்ல. தொண்டையின் பக்கவாட்டுப் பைகளிலிருந்து தனியாகக் கிளம்பி, தைராய்டு கீழே வந்து சேர்ந்தபின் அதற்குள் குடியேறியவை. கயிற்றைத் தொட்டதே இல்லை. அதனால்தான் தாடைக்குக் கீழ் வரும் இந்தக் கட்டிகளில் மெடுல்லரி புற்றை யாரும் எதிர்பார்ப்பதில்லை. எந்தச் செல் எந்த வழியாக ஊருக்குள் வந்தது என்று தெரிந்தால், எந்த நோய் எந்தத் தெருவில் வரும் என்று சொல்லிவிடலாம்.

இதே தர்க்கம் எதிர்ப்பக்கமும் வேலை செய்கிறது, அங்கே டாக்டர்களே வெகுகாலம் ஏமாந்தார்கள். கழுத்தின் நடுவில் இல்லாமல் பக்கவாட்டில், காதுக்குக் கீழே இறங்கும் பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டி, தைராய்டு திசு உள்ள கட்டி சிலருக்குக் கிடைக்கும். சுரப்பியில் ஒன்றும் தெரியாது. சரி, கருவில் வழிதவறிப் போன தைராய்டு போலிருக்கிறது என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது. ஆனால் தைராய்டு நடுக்கோட்டை விட்டு அவ்வளவு தூரம் ஒதுங்குவது அபூர்வத்திலும் அபூர்வம். அந்த நோயாளிகளின் சுரப்பியை மெல்லிய வில்லைகளாகச் சீவித் தேடினபோது, மிளகைவிடச் சின்னதாக ஒரு பாப்பில்லரி புற்று உள்ளே உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கிடைத்தது வழிதவறிய குழந்தை இல்லை, பரவிய புற்று. அது உட்கார்ந்திருந்தது நிணநீர் முடிச்சில், நாம் 'நெறி கட்டியிருக்கு' என்கிறோமே அந்த முடிச்சில். பாப்பில்லரி புற்றின் வழக்கமே அதுதான், முதலில் நிணநீர் வழியாகக் கழுத்து முடிச்சுகளுக்குப் போகும், நுரையீரலுக்கும் எலும்புக்கும் போவது பின்னால், சிலருக்கு மட்டும்.

எப்படி இவ்வளவு உறுதியாகப் பெயர் சொல்கிறார்கள்? பெத்தாலஜிஸ்டான நண்பர் ஒருவர் எனக்கு ஒருமுறை அந்த ஸ்லைடைக் காட்டினார். ரோஸும் ஊதாவுமாக, விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் திசு, பாப்பில்லரி என்ற பெயர் அதற்காகத்தான். ஒவ்வொரு செல்லிலும் உட்கரு உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி வெளிறிக் கிடந்தது, கண் திறக்காத சிலை வரிசையாகப் பார்ப்பது போல. நடுநடுவே வெங்காயத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி வளையம் வளையமாகச் சுண்ணாம்புப் படிவுகள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலிக் கண் உண்மையில், திசு கெடாமல் இருக்க ஊற்றும் ஃபார்மலின் செய்கிற மாயம், ஆபரேஷன் நடக்கும்போதே உறையவைத்துப் பார்க்கிற திசுவில் அது தெரியாது. ஒரு நோயின் முத்திரையே நாம் ஊற்றிய ரசாயனத்தால் வந்தது, ஆனாலும் நம்பிக்கையான முத்திரை!

நாக்கடியாவது தைராய்டு நடந்த பாதை. சினைப்பை? அங்கேயும் வருகிறது. முட்டையாக வேண்டிய செல்லில் எந்த உறுப்பாகவும் மாறும் திறன் தூங்கிக்கொண்டிருக்கிறது, அது தப்பாக விழித்தால் முடியும் பல்லும் உள்ள கட்டி வரும். 'வயிற்றில் முடி இருந்தது, செய்வினை' என்று ஊரில் கதை கட்டுவது பல நேரம் இதைப் பார்த்துத்தான். அந்தக் கட்டிகளில் சில பாதிக்கு மேல் தைராய்டு திசுவாகவே இருக்கும், சிலருக்கு அது தைராக்சின்கூடச் சுரக்கும், மிகச் சிலருக்கு அதிலேயே பாப்பில்லரி புற்றும் வரும். கழுத்துக்கும் சினைப்பைக்கும் எந்தப் பாதையும் இல்லை, அந்தச் செல் அங்கேயே தைராய்டு ஆனது.

எங்கே இருந்தாலும் இந்தச் செல் ஒரு பழக்கத்தை எளிதில் விடுவதில்லை: அயோடின் குடிப்பது. 1940-களில் நியூயார்க்கில் ஒரு நோயாளி வந்தார். பல வருடம் முன்பே தைராய்டை எடுத்தாயிற்று, ஆனால் தைராய்டு மிகுதியாகச் சுரக்கிற அறிகுறிகள் எல்லாம் இருக்கின்றன. பரவியிருந்த புற்றுதான் ஹார்மோன் செய்துகொண்டிருந்தது. சாமுவேல் சைட்லின் என்ற டாக்டர் அவருக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்தார், புற்றுகள் தாங்களாகவே அதை உறிஞ்சிக்கொண்டன, அறிகுறிகள் தணிந்தன. 1946-ல் வெளியான அந்தக் கட்டுரையிலிருந்துதான் தைராய்டு புற்றுக்கான இன்றைய அயோடின் சிகிச்சை வளர்ந்தது. செல்லின் சவ்வில் எந்தப் புரதம் அயோடினை உள்ளே இழுக்கிறது என்பது இன்னும் ஐம்பது வருடம் தெரியாது. 1996-ல் நான்சி கராஸ்கோ என்ற ஆய்வாளரின் குழு எலியின் தைராய்டு மரபணுச் செய்திகளைத் தவளை முட்டைகளில் ஊசியால் செலுத்தி, எந்த முட்டை அயோடின் குடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கழித்துக்கட்டி, அந்த ஒரே மரபணுவைப் பிடித்தது. நம் ஊரில் யாராவது தவளை முட்டைக்கு அயோடின் ஊட்டுகிறேன், பணம் கொடுங்கள் என்று விண்ணப்பம் எழுதினால் கமிட்டியில் சிரிப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். உடனடிப் பயன் என்ன என்ற கட்டத்தில் என்னத்தை எழுதுவது?

பயன் பின்னால் வந்தது. சில புற்றுகள் நாளாவட்டத்தில் அந்தப் புரதத்தைச் செய்வதை நிறுத்திவிடும், அப்போது அயோடின் வேலை செய்யாது. மறந்த தொழிலை மருந்து கொடுத்து நினைவூட்ட முடியுமா என்று பார்த்தார்கள். 2013-ல் வந்த ஒரு சின்ன ஆய்வில் செலுமெட்டினிப் என்ற மருந்தைக் கொடுத்த 20 பேரில் 12 பேருக்கு உறிஞ்சல் திரும்பக் கூடியது. சிறிய எண்தான், ஆனாலும் அழகு.

வாசகர் கடைசியில் இன்னொன்று கேட்டார்: கத்தி வைத்ததால் பரவிவிடுமா என்று பெரியப்பா பயமுறுத்துகிறாராம். இந்தப் பேச்சால் எத்தனையோ பேர் கட்டியை வருடக்கணக்கில் வைத்துக்கொண்டு, பத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரும் விஷயம் இது. பரவுவது வைத்திருந்ததால், கத்தியால் அல்ல. ஊசி வைத்துப் பார்ப்பதாலும் தைராய்டு புற்று பரவுவது அபூர்வத்திலும் அபூர்வம்.

எதிர்ப்பக்கப் பயமும் வேண்டாம். பின்லாந்தில் 1985-ல், வேறு காரணத்தால் இறந்த 101 பேரின் தைராய்டைச் சீவிப் பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களிடம் கண்ணுக்குத் தெரியாத பாப்பில்லரி புற்று இருந்தது, உயிரோடு இருந்தவரை யாருக்கும் தெரியாது. தென்கொரியாவில் ஏராளமானோருக்குத் தைராய்டு ஸ்கேன் எடுக்க ஆரம்பித்து, 1993-க்கும் 2011-க்கும் நடுவில் தைராய்டு புற்றுக் கண்டுபிடிப்பு பதினைந்து மடங்கானது, இறப்பு மட்டும் அப்படியே நின்றது.

தங்கையைப் பொறுத்தவரை, சுரப்பியும் கழுத்து முடிச்சுகளும் ஸ்கேனில் சுத்தம், கட்டி சின்னது, சுவரைத் தாண்டவில்லை என்றால் எலும்புத் துண்டோடு எடுத்த அந்த ஆபரேஷனே பலருக்குப் போதும், பிறகு அவ்வப்போது ஸ்கேன். சுரப்பியையும் எடுக்க வேண்டுமா என்பது அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் டாக்டர் சொல்ல வேண்டியது. ஒருவேளை அயோடின் சிகிச்சை என்று முடிவானால் அதற்கு முன் ஒன்றிரண்டு வாரம் அயோடின் கலந்த உப்பு, கடல் மீன், முட்டை மஞ்சள் எல்லாம் நிறுத்தச் சொல்வார்கள், செல்லைப் பட்டினி போட. அயோடின் சேர்க்காத உப்பை இப்போதே எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வையுங்கள், கடைசி நேரத்தில் அலைய வேண்டியிருக்கும். அப்புறம் எடுக்கும் ஸ்கேனில் வாயும் வயிறும் கறுப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம். எச்சில் சுரப்பியிலும் இரைப்பையிலும் அதே புரதம் இருக்கிறது, அவையும் கொஞ்சம் குடிக்கும்.