பேஸ்புக் விளம்பரத்துக்குக் கார்ட் வேலை செய்யவில்லையா? பேஜைத் தூக்கிக் கொடுக்காதீர்கள்

இந்தக் கிழமையும் ஒரு அக்கா வந்தார். சுன்னாகத்தில் வீட்டிலிருந்தே மிளகாய்த்தூள், ஒடியல்மா எல்லாம் பொதி பண்ணி கனடாவுக்கு அனுப்புகிறவர். பேஸ்புக் விளம்பரத்துக்குத் தன் கார்ட் பிடிக்கவில்லை என்று, "நான் காசு கட்டித் தாறன்" என்ற ஒருவரிடம் பேஜின் அட்மின் உரிமையையே கொடுத்துவிட்டார். இப்போது பேஜ் அந்த ஆளின் கையில், அக்கா வெளியே. ஓடர் தந்தவர்களின் மெசேஜ் அத்தனையும் அதற்குள் கிடக்கிறது. இப்படி இன்னும் எத்தனை பேர் வரப்போகிறார்களோ!

"தம்பி, இலங்கைக் கார்ட்டை மத்திய வங்கி மறிச்சிருக்காம்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அப்படி ஒரு தடை இல்லை. 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது வங்கிகள் வெளிநாட்டுக் கொடுப்பனவுகளை இறுக்கின, அந்தக் கதைதான் இன்னும் ஊருக்குள் சுற்றுகிறது. வெளிநாட்டுச் சேவை ஒன்றை வாங்கிவிட்டு கார்ட்டால் காசு கட்டலாம். கார்ட்டால் கட்டக் கூடாது என்று மத்திய வங்கி சொன்னது கிரிப்டோ, அதாவது பிட்கொயின் போன்ற இணையக் காசு வாங்குவதற்கு, அது 2021இல். விளம்பரம் கிரிப்டோ இல்லை. தயவுசெய்து இரண்டையும் குழப்பாதீர்கள்.

பிறகு ஏன் பிடிக்கவில்லை? பெரும்பாலும் உங்கள் கார்ட்டில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறக்கப்படாமல் இருக்கும். ஏரிஎம்மில் காசு வருகிறது, கடையில் வேலை செய்கிறது என்பதால் இதுவும் திறந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். அது வேறு, இது வேறு. வங்கிக்குப் போனால் "பேஸ்புக் வேலை செய்யேல்லை" என்று சொல்லாதீர்கள், கவுண்டரில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. "வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவைத் திறந்துவிடுங்கோ, நாளாந்த எல்லை எவ்வளவு?" என்று கேளுங்கள். கூடவே எந்தப் போன் நம்பர் பதிவில் இருக்கிறது என்றும் பாருங்கள். கணக்குத் திறந்த காலத்து நம்பருக்கு ஓரிபி, அதாவது காசு கட்டும்போது வங்கி அனுப்புகிற ஒருமுறை இரகசிய இலக்கம், போய்க்கொண்டிருக்கும், அந்த சிம்மை மகன் கொழும்புக்குக் கொண்டுபோயிருப்பான்.

ஒரே இரவில் வீட்டிலுள்ள எல்லாக் கார்ட்டையும் மாறி மாறி அடித்துப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். திருட்டுக் கார்ட்டைச் சோதிக்கிறவனும் இதையேதான் செய்வான், அதனால் பேஸ்புக் சந்தேகப்பட்டு விளம்பரக் கணக்கையே முடக்கிவிடும். கூகுளும் அப்படித்தான். ரொறன்ரோவில் இருக்கும் மச்சானின் கார்ட்டைப் போட்டாலும் அதே ஆபத்து. தவிர, இங்கே மதியம் பன்னிரண்டு மணிக்கு நீங்கள் காசு கட்டினால் ஓரிபி அவருக்கு நடுச்சாமம் தாண்டிப் போகும், பாவம் மனுசன். டெலிகிராமில் விற்கிற வேர்ச்சுவல் கார்ட் (கையில் அட்டை இல்லாமல் இலக்கம் மட்டும் தருவது) பக்கமே போகாதீர்கள். யாருடைய காசு அது என்று உங்களுக்குத் தெரியாது.

கார்ட் ஏறியபிறகும் கணக்கில் காசு வைத்திருங்கள். பேஸ்புக் பெரும்பாலும் விளம்பரம் ஓடியபிறகுதான் எடுக்கும், அந்த நேரம் காசு இல்லாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும்.

வேறு ஆளை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றால் சரி, செய்யுங்கள். ஆனால் விளம்பரக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், அவருக்கு விளம்பரம் போடுகிற அளவு அனுமதி மட்டும் கொடுங்கள். பாஸ்வேர்ட், ஓரிபி, முழு அட்மின் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே கொடுத்தவர்கள் இன்றைக்கே பேஜ் செட்டிங்ஸைத் திறந்து யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால், உங்களிடம் முழு உரிமை இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.