பாம்பன் டவுன் பஸ்ஸும் டீசல் வரியும்

பாம்பன் நிறுத்தத்தில் மீன் கூடையோடு ஏறும் அக்காவுக்குக் கண்டக்டர் ஒரு சீட்டு கொடுப்பார். காசு கிடையாது. அக்கா அதைச் சுருட்டி விரலிடுக்கில் செருகிக்கொள்வார். தங்கச்சிமடம் வருவதற்குள் கடல்காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். 'ஓசி டிக்கெட்' என்று நாம் சொன்னாலும், அந்தப் பயணத்துக்கு மாநில அரசே போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் கட்டுகிறது. அந்தப் பணத்தில் நாம் பங்க்கில் கட்டும் விற்பனை வரியும் இருக்கிறது.

2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது டீசல் அதற்குள் வரவில்லை. மாநில அரசே வாட் என்ற விற்பனை வரியை வசூலிக்கிறது. 2020 மே மாதம் வைத்த கணக்கு இது: 11 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு. வரிக்கு முந்தைய விலை 70 ரூபாய் என்று வையுங்கள், வாட் மட்டும் 17 ரூபாய் 32 காசு. திருவாடானையில் டிராக்டருக்கு அடிப்பவரும், ராமேஸ்வரத்துக்கு வேன் பிடித்து வரும் யாத்திரிகரும் இதைக் கட்டித்தான் ஆகவேண்டும். கடலுக்குப் போகும் படகுகளுக்கு ஓர் அளவு வரை விலக்கு உண்டு. விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்ததை 19,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் அறிவித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அரசு பஸ்ஸும் வரி கட்டித்தான் டீசல் போடுகிறது. அப்புறம் அரசே டீசல் மானியம் தருகிறது. வலது பையில் எடுத்து இடது பையில் போடுவதுதான். 2025-26 பட்ஜெட்டில் அந்த மானியம் 1,857 கோடி ரூபாய், மாணவர் கட்டணச் சலுகைக்கு 1,782 கோடி, பெண்கள் காசில்லாமல் போகும் மகளிர் விடியல் பயணத்துக்கு 3,600 கோடி.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில், அதாவது நம் மாவட்டம் மாதிரியான பகுதியில், வழி வேறு. 2008-இலும் 2016-இலும் விற்பனை வரியில் அரை சதவீதம் கூட்டலாமா என்று மக்களிடமே ஓட்டுக் கேட்டார்கள். ஒப்புக்கொண்டதும் அந்தக் காசு போக்குவரத்துக்கென்றே ஒதுங்கியது. நம் அரசியல் சட்டப்படி டீசல் விற்பனை வரி மாநிலத்தின் உரிமை. ராமேஸ்வரம் நகராட்சி நினைத்தாலும் போட முடியாது. வசூலானது சென்னைக் கஜானாவில் கலந்து, சட்டசபை ஒதுக்கிய பிறகுதான் பஸ்ஸுக்கு வரும்.

கட்டணமில்லாப் பயணம் 2021 மே 8-இல் தொடங்கியது. சாதாரணக் கட்டண டவுன் பஸ், அதாவது ஒயிட் போர்டு வண்டியில் மட்டும் செல்லும். மதுரை வண்டியில் ஏறிப் பாம்பனில் இறங்கினாலும் காசுதான். ரேஷன் கார்டோ வருமானச் சான்றோ வேண்டாம். திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிக்கும் அவருடன் வரும் உதவியாளருக்கும் உண்டு. சீட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எத்தனை பேர் ஏறினார்கள் என்பதற்கு அதுதான் கணக்கு.

கடல்பாசி எடுக்கும் பெண்கள் கரை ஏறும் நேரத்துக்கு வண்டி இல்லையா? நம் ராமேஸ்வரம் பகுதி போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டத்தில், காரைக்குடி மண்டலத்தில் வருகிறது. கிளை மேலாளரிடம் ஒரு மனு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு. 'கூடுதல் பஸ் வேண்டும்' என்று மொட்டையாக எழுதாமல், எந்த நிறுத்தம், எத்தனை மணி, எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எழுதுங்கள்.